வளையலில் மாட்டிய ஊக்கு

அவருடைய இடது கை வளையலில் எப்போதும் ஓர் ஊக்கு மாட்டியிருக்கும். நிறையப் பெண்கள் அப்படி மாட்டிக்கொள்வதுதான். முந்தானைக்கு ஆகும், அறுந்த செருப்புக்கு ஆகும், காலில் ஏறிய முள்ளுக்கு ஆகும். இவருடைய ஊக்கு சுரண்டுவதற்கு.

எதைக் கையில் கொடுத்தாலும் சுரண்டிப் பார்ப்பார். பித்தளை என்று விற்க வந்த குழாய், வெள்ளி என்று பரிசாக வந்த தட்டு, புதுப் பெயிண்டில் மினுக்கும் பழைய ஜீப்பின் கதவு, எல்லாவற்றின் மேலும் அந்த ஊக்கு முனை ஒரு நடை நடந்துவிட்டு வரும். அதன் பிறகுதான் அவர் வாய் திறப்பார். தேனியில் அவர்கள் சபைக்குப் புதிதாக ஒரு மணி வாங்கியிருந்தார்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்தபோது இவர் மணிக்கு அடியில் குனிந்து நின்றிருக்கிறார்.

"பாஸ்டரய்யா, இது வெண்கலம் இல்ல. இரும்புக்கு மேல பூச்சு."

"விடுங்கம்மா. அடிச்சா ஆண்டவருக்குக் கேக்கும்."

"கேக்கும், கேக்கும். நாம வெண்கலம்னு சொல்லி ஜெபம் பண்ணதும் அவருக்குக் கேட்டுருக்கும்ல?"

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அந்தப் பாஸ்டரேதான். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, அவர் கடைப் பக்கம் போனால் என் மோதிரத்தைப் பையில் போட்டுக்கொள்வேன் என்றார்.

பஜாரில் எல்லோரும் அவரை ஊக்கக்கா என்பார்கள். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், இப்போது இருக்கும் கோயம்புத்தூர் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, காகிதத்தைச் சுரண்டி, "மை உதிருதே, இதையா புத்தகம்ங்கிற?" என்று கேட்பார். கேட்கக்கூடியவர்தான்.

மோட்டார் உதிரிபாகக் கடை. கணவர் ஆரம்பித்தது. கணவர் போன பிறகு கடையை மூடிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் மட்டும்தான். தங்க ஃப்ரேம் கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தெருமுனை வரை போகும் குரல். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு அடக்கமே கிடையாது. "தேனியில எனக்குத் தெரிஞ்ச அளவு இரும்பு தெரிஞ்ச ஆளு ரெண்டு பேரு. ஒருத்தர் செத்துட்டாக" என்பார். செத்தவர் அவர் கணவர்.

அவரிடம் ஒரு விநோதம் உண்டு. அந்தக் கடையில் விற்றதில் பாதி டூப்ளிகேட். அதை அவரே சொல்லித்தான் விற்பார். ஒரு நாள் போடியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் கிளட்ச் தட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரிஜினல்தானக்கா?"

"டூப்ளிகேட்டு."

"என்னக்கா, பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீக? அடுத்த கடையில ஒரிஜினல்ங்கிறாக."

"அங்கனயும் நான்தான் குடுக்கேன்."

டிரைவர் விழித்தார். ஊக்கக்கா தட்டை வாங்கி, ஊக்கால் ஒரு கோடு கிழித்து, வெளிச்சத்தில் காட்டினார். "நல்ல டூப்ளிகேட்டு. குமுளி மேடு ஏறி இறங்கும். கூசாம வாங்கிட்டுப் போ. ஆனா போடியில போயி ஒரிஜினல்னு சொல்லிக்கிட்டுத் திரியாத."

அவர் சொல்லகராதியில் ஒரிஜினலுக்கு எதிர்ப்பதம் போலி இல்லை. ஒரு வண்டியில் இருப்பதை இரண்டாகப் பிரிப்பார். 'பிறந்தது', 'வந்தது'. வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வெளியேறியவை பிறந்தவை. பிறகு வழியில் ஏறிக்கொண்டவை வந்தவை. வந்ததைக் கேவலமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வந்ததைப் பிறந்தது என்று யாராவது சொன்னால்தான் தெருமுனை வரை குரல் போகும்.

அப்போது நான் எஞ்சின் ஆயில் விற்கும் பிரதிநிதியாக இருந்தேன். அதற்கு முன் இன்சூரன்ஸ், அதற்கு முன் டுடோரியல் வாத்தியார், அதற்கும் முன் என்னவோ. எந்த வேலையிலும் என் கால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை; காற்றடிக்கும் பள்ளத்தாக்கில் பிறந்தவன், நிற்பது எப்படி என்று யாரும் காட்டித்தரவில்லை. பைக்கில் ஆயில் டப்பாக்களும் பையில் பாதி எழுதிய வரிகளுமாக இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். முதல் நாள் அவரிடம் என் விசிட்டிங் கார்டை நீட்டினேன். பொன்னெழுத்தில் அச்சடித்தது. ஊக்கு முனை நடந்தது. பெயரின் முதல் எழுத்து பொடியாகி மேசையில் விழுந்தது.

"பேரே நிக்கல. ஆயில் நிக்குமா தம்பி?"

அன்றிலிருந்து பழக்கம். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் 'தம்பி' போய் 'கவிஞரே' ஆனது. கோபம் வந்தால் 'ஏலே கவிஞரே'.

அந்த வளையலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம், மழைக்குக் கடையில் ஒதுங்கியிருந்தபோது கேட்டேன். எல்லாத்தையும் சுரண்டுகிறீர்களே, இந்த வளையலைச் சுரண்டியதுண்டா?

"கல்யாணமான மறு வாரமே." மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கம் காட்டினார். ஒரு சின்னக் கீறல். அதற்குள் செம்பு தெரிந்தது. "கவரிங்."

"சண்டை போட்டீகளா?"

"போடாம? தங்கத்த வித்துக் கடையில போட்டுட்டு, அதே மாதிரி ஒண்ண வாங்கி மாட்டிவிட்டுட்டாரு மனுசன். சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்ல. சொல்லாமச் செஞ்சாரு பாரு, அதுக்குத்தான் சண்டை."

"பெறகும் ஏன் இதையே போட்டிருக்கீக?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. "கவரிங்னு தெரிஞ்சுதான போட்டிருக்கேன்?" என்றார்.

மழை விட்டது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டு சொட்டாக ஒரு பகல் வழிந்துகொண்டிருந்தது. நான் கிளம்பினேன்.

இனி கார்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் அப்பா திராட்சை போட்டவர். மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன கார் ஒன்று பல கை மாறி அவர் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். நீண்ட மூக்கு, குட்டை முதுகு. உட்கார்ந்தால் தரை உரசுகிற உயரம். பந்தயத்துக்கென்று பிறந்த அந்தக் காரில் அப்பா பக்கத்து இருக்கையில் திராட்சைக் கூடையை வைத்துக்கொண்டு கம்பம் சந்தைக்குப் போவார். கூடைக்கு ஒரு துண்டு போர்த்தியிருக்கும். அப்பாவின் தலைக்கு எதுவும் இருக்காது. பள்ளத்தாக்கின் காற்றெல்லாம் அவர் தலையில்தான்.

அப்பா போன பிறகு கார் தொழுவத்தில் நின்றது. மாடுகளை விற்று வெகுகாலமாகி, தொழுவம் சும்மா கிடந்தது. வீடும் தோட்டமும் தங்கச்சிக்கு. அவள் வீட்டுக்காரர் என் மாப்பிள்ளை, உழைப்பாளி, கெட்டவரில்லை. ஆனால் அவருக்குத் தொழுவம் தேவைப்பட்டது. திராட்சைக் கூடைகளும் சொட்டுநீர்க் குழாய்களும் வெயிலில் கிடந்தன.

"மச்சான், அறுப்புக்கு முன்ன எடத்தக் காலி பண்ணிக் குடுத்துருங்க. பழைய இரும்புக்காரர்ட்டப் பேசிட்டேன். வெட்டி எடுத்துக்கிறேங்கிறாரு."

வெட்டி. அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது.

பழைய கார்களைச் சேர்த்துப் புதுப்பிக்கிற கொச்சிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குப் படம் அனுப்பினேன். வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எஞ்சின் இந்தக் காரோடு பிறந்ததாக இருக்க வேண்டும். இருந்தால் முழுசாக எடுத்துக்கொண்டு போய் ஓட வைக்கிறேன். இல்லையென்றால் இது வெறும் தகரம். "நான் பார்த்தா எனிக்கு சந்தேகம் வரும்," என்றார் தன் மலையாளத் தமிழில். "தேனியில ஊக்குச் சேச்சி இல்லே? அவங்க சொன்னா மதி, போதும்."

ஓடுவதா, வெட்டுப்படுவதா. அது அந்த ஊக்கு முனையில் நின்றது.

ஊக்கக்காவிடம் கைபேசியில் படம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "படத்தச் சொரண்ட முடியுமா கவிஞரே?" மறுநாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கைப்பை, குடை, டிபன் டப்பா. தங்கச்சி காப்பி கொடுத்தாள். குடித்தார். டம்ளரைச் சுரண்டவில்லை, எவர்சில்வர் என்று தெரிந்திருக்கும்.

காரின் நீண்ட மூக்கைத் திறந்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து காரின் உடம்பில் இருந்த நட்டில் வைத்தார். சேரவில்லை. அதே ஸ்பேனரை எஞ்சின் நட்டில் வைத்தார். பால்புட்டி வாயில் போனதுபோலப் போய் உட்கார்ந்தது.

"பாடி இஞ்ச்சு. எஞ்சின் மில்லிமீட்டரு. ரெண்டும் ஒரே ஊர்ல பிறந்ததில்ல." ஊக்கை எடுத்தார். ரேடியேட்டரில் நடந்தது. "இது பிறந்தது. இந்தக் குழாய் பிறந்தது. இந்த டைனமோ பிறந்தது, பாவம், தனியாக் கெடக்கு. எஞ்சின் மட்டும் வந்தது. ஏதோ வேன் எஞ்சின். இரும்பு ஆங்கிள் வெட்டி உக்கார வச்சிருக்காக."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது.

எஞ்சினுக்குப் பின்னால், கார் உடம்பின் சுவரில் ஒரு தகடு. அதில் இரண்டு எண்கள் பொறித்திருந்தன. ஒன்று காருக்கு, மற்றது அதனோடு பிறந்த எஞ்சினுக்கு. "பிள்ளை பேரைப் பெத்தவளே எழுதி வச்சிருக்கா," என்றார். "எஞ்சினுலயும் ஒரு தகடு இருக்கும், இதே நம்பரோட. எஞ்சின் எங்கனயும் ஓடிப்போகாது. யாரோ தூக்கிட்டுப் போயிருக்காக. யாரு?"

தங்கச்சிதான் சொன்னாள். "மழை இல்லாத வருசம் அப்பா அத சுருளிப்பட்டிக்குக் குடுத்தாகல்லண்ணே? கிணத்துல தண்ணி இறைக்க. நீ அப்ப ஊர்லயே இல்ல."

நான் எப்போது ஊரில் இருந்தேன்.

அப்படித்தான் அந்தக் காலத்தில் செய்தார்கள். கரண்ட் எட்டாத கிணற்றுக்குக் கார் எஞ்சினைக் கழற்றி வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தண்ணீர் இறைத்தார்கள். பந்தயத்துக்குப் பிறந்தது நெல்லுக்கு ஓடியது. எனக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. ஊக்கக்காவுக்கும்தான். "நல்ல வேலைக்குத்தான் போயிருக்கு," என்று குடையை எடுத்துக்கொண்டார்.

சுருளிப்பட்டித் தோட்டத்துக்காரர் பெரிய மீசைக்காரர். அந்த எஞ்சினை வாங்கியது அவருடைய அய்யா. மின்மோட்டார் வந்த பிறகு எஞ்சின் பம்ப்செட் அறையில் ஓய்ந்து கிடந்தது. அதன் மேல் கோழிகள் அடைந்தன. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்கு ஒரு பெயிண்ட் உண்டு. ஓடாததற்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டேன். "ஓடுனதுதானங்க?" என்றார் மீசைக்காரர்.

ஊக்கு நடந்தது. பச்சை உதிர்ந்தது. அதற்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே வெள்ளி. ஊக்கு நிற்கவில்லை. வெள்ளிக்கும் கீழே, இரும்பை ஒட்டி, வெற்றிலை போட்ட வாயைப்போல ஓர் அடர்ந்த சிவப்பு எட்டிப் பார்த்தது.

"இதுதான் பிறந்த கலரு." அவர் குரல் முதல் முறையாகத் தாழ்ந்து கேட்டேன்.

பிறகு குரல் பழையபடி ஏறியது. "கார்புரேட்டரு ரெண்டுல ஒண்ணு பிறந்தது. ஒண்ணு வந்தது. எஞ்சின் தலைக்கு மேல நீளமா ஒரு மூடி இருக்கணுமே, அது எங்க?"

மூடி வெளியே மல்லாந்து கிடந்தது. அதில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஓட்டையைத் தாரால் அடைத்திருந்தார்கள். கோழிகளை விரட்டித் தண்ணீரைக் கொட்டிச் சுரண்டினார். "பிறந்தது!" ஒரு சேவல் அவரை முறைத்தது.

எல்லாம் கூடி வந்தது. கடைசியில் எஞ்சினின் பக்கவாட்டைத் துடைத்தார். தகடு இருக்க வேண்டிய இடம். இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. தகடு இல்லை.

இரும்பு வார்ப்பில் ஓர் எண் எழுந்து நிற்கத்தான் செய்தது. அது அந்த வகை எஞ்சின் எல்லாவற்றுக்கும் பொது என்றார். இதே குடும்பம் என்று சொல்லலாம். இதே பிள்ளை என்று சொல்ல முடியாது. தகடு வேண்டும்.

"தகட்டக் கழட்டுனது யாரு?" மீசைக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"வரும்போதே அது இல்லீங்க."

"இல்லாம எப்படி? ஆணிய அழகாத் தட்டி எடுத்திருக்கு. பித்தளைன்னு கழட்டிட்டீகளா?"

"ஏம்மா, என் தோட்டத்துல நின்னுக்கிட்டு என்னையவே திருடங்கிறீகளா?"

"திருடன்னு நான் சொல்லல. கழட்டுனீகளான்னுதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்! சொரண்ட வந்தீகளா, குத்தஞ்சொல்ல வந்தீகளா? கெளம்புங்க!"

கிளம்பினோம். வரப்பில் ஊக்கக்கா முன்னால், நான் பின்னால். என் கைபேசியில் மாப்பிள்ளை. நடந்ததைச் சொன்னேன். "இம்புட்டுதானா மச்சான்? தகடுதான வேணும்? நம்பரு நமக்குத்தான் தெரியுமே. கம்பத்துல அடிச்சுக் குடுக்க ஆளு இருக்கு." குரல் வெளியே கேட்டிருக்கும்.

அவர் நின்றார். திரும்பாமலே சொன்னார். "அடிச்சுக்கங்க. நானாப் போயி கொச்சிக்காரர்ட்டச் சொல்ல மாட்டேன். ஆனா அவரு என்னையக் கேப்பாரு. கேட்டாச் சொல்லுவேன்."

அந்த நேரம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னத் தகடு, ஒரு சின்னப் பொய், ஒரு கார் பிழைத்துக்கொள்ளும். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கஞ்சி போட்ட முதுகு. மடங்காது.

தோட்டத்து வாசலில் ஒரு கிடாரிக்கன்று நின்றது. மலையடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து வந்தவர் ஒருவர் அதை வாங்கியிருந்தார். எங்களைத் தாண்டி வேகமாக வந்த மீசைக்காரர், அந்தக் கோபத்தோடேயே கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். வாங்கியவர் தன் பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்துக் கட்டினார். பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மீசைக்காரர் திரும்பினார்.

ஊக்கக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏங்க, கயிறு நல்லாத்தான இருக்கு? அத ஏன் அவுத்துட்டீக?"

மீசைக்காரர் இன்னும் ஆறவில்லை. "மாட்டத்தான் விப்போம். கயித்த யாராச்சும் விப்பாகளா? கயித்தோட அனுப்புனா தொழுவத்து லட்சுமியும் சேந்து போயிருவா. தேனிக்காரகளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

தேனிக்காரர்களுக்குத் தெரியாதுதான். பஜாரில் ஒரு சாமானை விற்றால் அட்டைப்பெட்டி, சணல், உள்ளே வைத்த வைக்கோல் எல்லாம் சேர்ந்து போகும். எனக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். எத்தனை கயிறு அவிழ்ந்ததைப் பார்த்தவன். அவ்வளவு தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெரியாத அவருக்குத் தோன்றியது.

"ஏலே கவிஞரே." மெதுவாகத் திரும்பினார். "உங்க அய்யா மாடு வித்தா கயித்த வச்சுக்குவாகளா?"

"வச்சுக்குவாக."

"எஞ்சின வித்தா?"

கன்று புதுக் கயிற்றை இழுத்துப் பார்த்தது. மீசைக்காரர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "அட! எஞ்சினுக்கு அதுதானே கயிறு. பேரு போட்ட தகடு. ஆணி கூடச் சிதறாம எடுத்திருக்காகன்னா, உங்க அய்யாதான்!"

"அவுத்த கயித்த எங்க வைப்பீக?"

"தொழுவத்துலதான். உத்தரத்துல."

எங்கள் தொழுவத்தில். காருக்கு நேர் மேலே.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். எடுத்தவள் பதறினாள். "உத்தரமாண்ணே? இவுக காலையிலயே எல்லாத்தையும் அறுத்துப் போட்டு மூட்டை கட்டிட்டாக. இரும்புக்காரரு வண்டியோட வந்து நிக்காரு. சின்னதுகள மொதல்ல ஏத்திக்கிறேங்கிறாரு."

"மூட்டைய விடாத!"

"எப்படிண்ணே விடாம..."

ஊக்கக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஆத்தா, மூட்டை மேல ஏறி உக்காந்துக்க. யாரு சொன்னாலும் எந்திரிக்காத."

மீசைக்காரர் டிராக்டரைக் கிளப்பினார். கோபம் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. டிராக்டரின் மட்கார்டு மேல் கைப்பையை மடியில் வைத்து ஊக்கக்கா உட்கார்ந்தார். குடையை விரித்தார். காற்று அதைத் திருப்பிப் போட்டது. திருப்பிப் போட்ட குடையோடு, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, ஏதோ ஒரு திருவிழாவின் கடைசி வாகனம்போல நாங்கள் காமயகவுண்டன்பட்டிக்குள் நுழைந்தோம்.

தங்கச்சி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். இரும்புக்காரர் தன் குட்டியானை வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "இவளுக்கு என்னமோ ஆயிருச்சு மச்சான். எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கிறா."

மூட்டையைப் பிரித்தோம். கயிறுகள். மணிகள். ஒரு லாடம். மட்கிய தும்பு வாசம். எந்தெந்த மாட்டின் கழுத்தோ, எங்கள் குடும்பத்தின் அத்தனை பால்சோறும் அந்த மூட்டைக்குள் சுருண்டு கிடந்தது. கம்பியில் கோத்த ஒரு மஞ்சள் கட்டி தனியே உருண்டது.

"அது வண்டி வில்லைண்ணே," என்றாள் தங்கச்சி. "அந்தக் காலத்துல மாட்டு வண்டிக்கு லைசென்சுன்னு குடுப்பாகளே. அப்பா தொங்கவிட்டுருந்தாக. மாட்டுப் பொங்கலுக்கு மணிக்கெல்லாம் சந்தனம் வைக்கும்போது அதுக்கும் வைப்பேன்."

ஊக்கக்கா அதை உள்ளங்கையில் வைத்தார். வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றினார். சந்தனம் உதிர்ந்தது. அதற்குக் கீழே இன்னொரு பொங்கலின் சந்தனம். அதற்கும் கீழே, குங்குமம் கலந்து, இன்னொன்று. எத்தனை தைகள் பொடியாகி அவர் புடவையில் விழுந்தன. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வைத்த பொட்டுகள் அவை. அடியில் பித்தளை தெரிந்தது. பித்தளையில் எண்கள்.

"தம்பி, நீங்க கார் மூக்குக்குள்ள இருக்கிறதப் படிங்க," என்றார் மாப்பிள்ளையிடம். "ஒவ்வொண்ணா."

மாப்பிள்ளை குனிந்தார். ஓர் எண்ணைச் சொன்னார். இவர் அதே எண்ணைத் திருப்பிச் சொன்னார். அடுத்தது. திருப்பிச் சொன்னார். இரும்புக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். போகப் போக மாப்பிள்ளையின் குரல் மாறியது. கடைசி எண்ணுக்கு வந்ததும் அவர் சொல்லவில்லை. நிமிர்ந்து இவரைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல.

இவர் சொன்னார்.

"ஆமாக்கா," என்றார் மாப்பிள்ளை. மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாக்கா, அதேதான்," என்று இன்னொரு முறை.

"பிறந்தது," என்றார் ஊக்கக்கா. பிறகு மீசைக்காரரைப் பார்த்து, "உங்களையத் தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீக." அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

எஞ்சினைக் கொச்சிக்காரர் வந்து எடுத்தபோது மீசைக்காரர் எதையாவது கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றார். "ஒரிஜினல்ல ஒரு துரும்பத் தொட்டீக..." என்று இவர் ஊக்கை நீட்டினார். சமாதானத்துக்கு ஒரு கயிறே கிடைத்தது. சக்கரத்தில் சுற்றி இழுத்து எஞ்சினைக் கிளப்புவார்களே, அந்தக் கயிறு. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கோழிகளுக்கு ஊக்கக்காவே தேனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி அனுப்பினார். எங்கள் வீட்டில் தங்கச்சி கேட்டாள், "நாங்க எதக்கா வச்சுக்கிறது?"

"வந்ததுல ஒண்ண வச்சுக்க. அதுவும் இத்தன வருசம் உங்க வீட்டுலதான இருந்துச்சு."

வேன் எஞ்சினின் ஆயில் மூடி இப்போது எங்கள் உத்தரத்தில் தொங்குகிறது. கீழே திராட்சைக் கூடைகள். தையில் அதற்கும் சந்தனம் உண்டு.

மறு வருடம் கொச்சிக்காரர் கூப்பிட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டு குமுளி மேட்டிலிருந்து இறங்குகிறேன், லோயர் கேம்பில் நில்லுங்கள் என்றார். நானும் ஊக்கக்காவும் காலையிலேயே போய்விட்டோம். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முட்டி மோதி ஓடிக்கொண்டிருந்தது. வளைவுகளுக்கு மேலே எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது. மரங்களுக்குள் மறைந்தது. மறுபடி, இன்னும் கிட்டத்தில். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு அந்தச் சத்தத்தில், துண்டு போர்த்திய ஒரு திராட்சைக் கூடை கேட்டது.

கார் வந்து நின்றது. சிவப்பு. கொச்சிக்காரர் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். தானே மூக்கைத் திறந்துவிட்டு விலகி நின்றார். "சேச்சி, சுரண்டிக்கோளு. எவிடே வேணும்னாலும்."

அவர் கை வளையலுக்குப் போனது. ஊக்கைக் கழற்றினார். குனிந்தார். உள்ளே அந்த வெற்றிலைச் சிவப்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பித்தளைத் தகடு தன் பழைய இடத்தில், பழைய ஓட்டைகளில். வெப்பம் அவர் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது.

"வேண்டாம் தம்பி," என்றார். "ஓடிக்கிட்டிருக்கே."

ஊக்கை மடக்கி வளையலில் மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருதான் உக்கார முடியும். நீ இங்கனயே நில்லு கவிஞரே." குடையும் டிபன் டப்பாவும் என் கைக்கு வந்தன. கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கூரை இல்லை. பள்ளத்தாக்கின் காற்றெல்லாம் இப்போது அவர் தலையில்.

வாய்க்கால் ஓரமாகக் கார் நகர்ந்தது. வேகம் பிடித்தது. வளைவில் திரும்பும்போது இடது கையை உயரே தூக்கி ஆட்டினார். வெயிலில் வளையல் பளீரென்று மின்னியது.

கவரிங்தான்.